புகைப்பதை விட்டொழிக்கக் கைப்பேசி: கொரிய இளைஞர்களுக்கு ஒரு துணை

தீய பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்ளும், எளிதில் விலகாது. சட்டையில் பட்ட ரப்பர்ப் பால் காய்ந்து இறுகிவிட்டால், எத்தனை முறை துவைத்தாலும் கறை போவதில்லை. புகைப்பழக்கமும் அத்தகையதே. பதின்மூன்று, பதினான்கு வயதில் விளையாட்டாகப் பற்றவைத்த ஒரு சிகரெட்டு, ஐம்பது வயதிலும் விரலிடுக்கை விட்டு அகலாமல் இருப்பதை நாம் எத்தனையோ பேரிடம் காண்கிறோம். புகைப்போரில் பெரும்பாலோர் இளமையிலேயே அதனைத் தொடங்கியவர்கள். ஆகவே, புகையிலையை எதிர்க்கும் போராட்டத்தில் முதன்மையான களம் இளைஞர்களின் வாழ்க்கையே ஆகும்.

தென்கொரிய நாடு இக்களத்தில் பல ஆண்டுகளாக முயன்று வருகிறது. சட்டம், விலை, விளம்பரம் ஆகியவற்றோடு, இளைஞர்கள் இரவும் பகலும் கையில் வைத்திருக்கும் கைப்பேசியையும் அது ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறது. அந்தக் கருவி எவ்வாறு வேலை செய்கிறது, அதனால் ஆவது என்ன, ஆகாதது என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மறைவில் வளரும் பழக்கம்

கொரிய மக்களிடையே மூத்தோர்க்கு மரியாதை செய்யும் வழக்கம் மிக உறுதியானது. வயதில் மூத்தவர் முன்னிலையில் இளையவர் புகைப்பது பெருங்குற்றமாகக் கருதப்படும். தந்தை முன் மகன் சிகரெட்டைக் கையால் தொடவும் துணியமாட்டான். நம் சமுதாயத்திலும் இவ்வழக்கம் உண்டு என்பதால், இதனை நாம் எளிதில் உணர்ந்துகொள்ளலாம்.

இவ்வழக்கம் நல்லதே. ஆயினும் அதற்கு ஒரு பின்விளைவு உண்டு. புகைக்கும் இளைஞன் அதனைப் பெற்றோரிடம் மறைக்கிறான். பள்ளியில் தண்டனை கிடைக்கும் என்பதால் ஆசிரியரிடமும் மறைக்கிறான். சந்துகளும் கட்டடங்களின் பின்புறங்களும் அவனுக்குப் புகலிடம் ஆகின்றன. இளைஞர்கள் கணினி விளையாட்டுக்காகக் கூடும் அறைகள் கொரிய நகரங்களில் ஏராளம். 2013ஆம் ஆண்டில் அவ்வறைகளிலும் புகைத்தல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதற்கு முன்பு, அங்கே விளையாடச் செல்லும் சிறுவர்கள் பெரியவர்களின் புகைக்கு நடுவிலேதான் அமர்ந்திருந்தார்கள்.

மறைவாகத் தொடங்கியதை விட்டொழிக்க விரும்பும்போதும், அவ்விளைஞன் மறைவாகவே போராட வேண்டியவனாகிறான். "நான் புகைக்கிறேன், விட முடியவில்லை, உதவுங்கள்" என்று யாரிடம் சொல்வது? சொன்னால் முதலில் கிடைப்பது உதவியா, அடியா? இந்த அச்சமே பல இளைஞர்களின் வாயை அடைத்துவிடுகிறது. கைப்பேசி வழித் துணையின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

சட்டம் சாதித்தது

கொரிய அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1997ஆம் ஆண்டின் இளைஞர் பாதுகாப்புச் சட்டம், வயது குறைந்தோருக்குப் புகையிலைப் பொருள்கள் விற்பதைத் தடை செய்தது. 2015ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு பெட்டி சிகரெட்டின் விலை 2,500 வோனிலிருந்து 4,500 வோனாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. வோன் என்பது அந்நாட்டு நாணயம். 2016ஆம் ஆண்டு டிசம்பரில் சிகரெட்டுப் பெட்டிகளின் மீது நோயுற்ற உறுப்புகளின் படங்களை அச்சிடுவது கட்டாயமாக்கப்பட்டது.

இவற்றின் பயனை அளந்து அறியவும் வழி செய்யப்பட்டுள்ளது. 2005ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் கொரிய இடைநிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்களிடையே ஓர் ஆய்வு நடத்தப்பட்டு வருகிறது. மாணவர்கள் பெயரைக் குறிப்பிடாமல் இணையத்தின் வழி விடை அளிப்பார்கள். ஆசிரியர் கையில் தாளைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆதலால் உண்மையை மறைக்கும் தேவையும் குறைகிறது. 2007ஆம் ஆண்டில் நூற்றுக்கு 13.3 மாணவர்கள், கடந்த முப்பது நாள்களில் சிகரெட்டுப் புகைத்ததாகத் தெரிவித்தார்கள். 2016ஆம் ஆண்டில் இத்தொகை 6.3 ஆயிற்று. 2024ஆம் ஆண்டில் அது 3.6 ஆகக் குறைந்தது.

இஃது பாராட்டத்தக்க முன்னேற்றம். எனினும், ஒன்றை மறந்துவிடலாகாது. விலையும் தடையும் இன்னும் தொடங்காதவனைத் தடுத்து நிறுத்த வல்லவை. ஏற்கெனவே பிடிபட்டுவிட்டவனுக்கு அவை மட்டும் போதா. வாயில் பூட்டு வெளியே நிற்பவனுக்குத்தான் தடை. உள்ளே அகப்பட்டவன் வெளியேற ஒரு கை வேண்டும்.

நிக்கோட்டின் செய்யும் வேலை

அகப்பட்டவன் ஏன் வெளியேற முடிவதில்லை என்பதை அறிந்துகொண்டால், அவனுக்கு எவ்வகைத் துணை தேவை என்பது விளங்கும்.

புகையிலையில் நிக்கோட்டின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. புகையை உள்ளிழுத்த இருபது விநாடிக்குள் அது மூளையைச் சென்று அடைகிறது. அங்கே இன்ப உணர்வைத் தூண்டும் ஒருவகைச் சுரப்பை எழுப்புகிறது. ஆனால், அந்த இன்பம் நிலைப்பதில்லை. இரண்டு மணி நேரத்திற்குள் இரத்தத்தில் நிக்கோட்டின் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். உடனே மூளை மேலும் கேட்கிறது. மனம் பரபரக்கிறது, எரிச்சல் உண்டாகிறது, பாடத்தில் கவனம் செல்வதில்லை. அடுத்த சிகரெட்டு அத்துன்பத்தைத் தணிக்கிறது. அதனை அவன் இன்பம் என்று நம்புகிறான். உண்மையில் முந்திய சிகரெட்டு உண்டாக்கிய புண்ணுக்கே அது மருந்து போல் அமைகிறது.

மனித மூளை சுமார் இருபத்தைந்து வயது வரை வளர்ந்து முதிர்கிறது. வளரும் மூளை நிக்கோட்டினுக்கு விரைவில் அடிமையாகிறது. ஆகவேதான் நாள்தோறும் புகைக்காத சிறுவர்களிடத்தும் இவ்வேட்கை தோன்றிவிடுகிறது.

இங்கே நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் உண்டு. வேட்கை ஒவ்வொரு முறை எழும்போதும் அது சில நிமிடங்களே நீடிக்கும். சீவிய மரத்தில் பால் முதலில் வேகமாக வடியும். நேரம் செல்லச் செல்ல வேகம் தளர்ந்து, பிறகு தானே நின்றுவிடும். வேட்கையும் அவ்வாறே எழுந்து அடங்கும். புகைப்பதை நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாள்கள் மிகக் கடினமானவை. அதன்பின் சில வாரங்களில் உடலின் தவிப்பு பெரிதும் குறைந்துவிடுகிறது. எனவே, விடுபட விரும்புவோனுக்குத் தேவையானது, எழுச்சி அடங்கும் வரையில் அச்சில நிமிடங்களைக் கடத்திவிடும் துணையே.

வாரத்திற்கு ஒரு முறை மருத்துவரைக் கண்டு பேசுவது நல்லதுதான். ஆனால், பள்ளி விட்டு வரும் வழியில் நண்பன் சிகரெட்டை நீட்டும்போது மருத்துவர் அருகில் இருக்கமாட்டார். இரவு பதினொரு மணிக்குத் தேர்வுக்குப் படிக்கும்போது வேட்கை எழுந்தால் ஆசிரியரை அழைக்க முடியாது. கைப்பேசியோ அவ்வேளையிலும் அவனுடைய சட்டைப்பையில் இருக்கிறது.

கருவி எவ்வாறு உதவுகிறது

கொரியாவில் இவ்வுதவி தொலைபேசியில் தொடங்கியது. 2006ஆம் ஆண்டில் தேசியப் புற்றுநோய் மையம், புகைப்பதை விட விரும்புவோருக்கான தொலைபேசி ஆலோசனைச் சேவையைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பேசுவார். முதல் அழைப்போடு விட்டுவிடாமல், குறித்த நாள்களில் அவரே திரும்ப அழைத்து நிலைமையைக் கேட்பார். இளைஞர்களுக்கென்று தனிப் பகுதியும் இச்சேவையில் உண்டு. நேரில் செல்ல வேண்டியதில்லை என்பதால், முகம் காட்ட வெட்கப்படும் இளைஞனும் வாய் திறந்து பேச முடிகிறது.

அடுத்து இணையம் வந்தது. 'புகைநிறுத்த வழிகாட்டி' என்னும் பொருள்படும் பெயருடைய அரசாங்க இணையத்தளத்தில், ஒருவர் தாம் நிக்கோட்டினுக்கு எந்த அளவு அடிமைப்பட்டிருக்கிறார் என்பதைச் சில வினாக்களுக்கு விடை அளித்துத் தாமே அறிந்துகொள்ளலாம். புகைப்பதை நிறுத்திய நாள் முதல் நாட்குறிப்பு எழுதி வரலாம். அதே முயற்சியில் உள்ள பிறர் எழுதியவற்றைப் படித்து, ஒருவருக்கொருவர் ஊக்கமும் அளிக்கலாம்.

பின்னர், கணினியைப் போலவே பல வேலைகள் செய்யும் திறன்பேசி பரவியது. இன்று கொரிய இளைஞரில் ஏறக்குறைய எல்லாரிடத்தும் அது உண்டு. புகைப்பதை நிறுத்த உதவும் செயலிகளும் குறுஞ்செய்திச் சேவைகளும் பல நாடுகளில் பலவகையாக அமைந்துள்ளன. அவற்றின் பொதுவான முறையை ஒரு மாணவனின் நிலையில் வைத்துக் காண்போம்.

முதலாவதாக, அவன் ஒரு நாளைக் குறிக்கிறான். "விரைவில் விடுவேன்" என்பது வெறும் எண்ணம். "வரும் திங்கட்கிழமை விடுவேன்" என்பது தீர்மானம். அந்நாள் நெருங்க நெருங்க, ஆயத்தம் செய்யுமாறு கருவி அவனுக்கு நினைவூட்டுகிறது.

இரண்டாவதாக, எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாருடன் இருக்கும்போது வேட்கை எழுகிறது என்பதை அவன் குறித்து வருகிறான். ஒரு வாரத்தில் உண்மை வெளிப்படுகிறது. உணவுக்குப் பின் ஒன்று, தனிப்பயிற்சி வகுப்புக்கு முன் ஒன்று, குறிப்பிட்ட ஒரு நண்பனைக் காணும்போது ஒன்று என்று பழக்கத்தின் வழித்தடம் தெரிந்துவிடுகிறது. பகைவன் வரும் வழி தெரிந்தால் காவல் வைப்பது எளிது.

மூன்றாவதாக, வேட்கை எழும் அந்த நொடியில் அவன் ஒரு பொத்தானை அழுத்துகிறான், அல்லது ஒரு சொல்லை அனுப்புகிறான். உடனே மறுமொழி வருகிறது: தண்ணீர் அருந்து, மூச்சை ஆழ இழுத்து விடு, அவ்விடத்தை விட்டு நட, இந்தச் சிறு புதிரை விடுவி. இவை அற்பமானவை போல் தோன்றலாம். ஆனால், அச்சில நிமிடங்கள் கழிந்துவிடுகின்றன.

நான்காவதாக, அவன் பெற்ற வெற்றியைக் கருவி கணக்கிட்டுக் காட்டுகிறது. எத்தனை நாள் ஆயிற்று, எவ்வளவு பணம் மிஞ்சிற்று என்பது திரையில் தெரியும். ஒரு பெட்டி 4,500 வோன் என்றால், நாளுக்கு ஒரு பெட்டி புகைப்பவன் ஓராண்டில் 1,642,500 வோனைப் புகையாக்குகிறான். முப்பது ஆண்டுக்குப் பின் வரக்கூடிய புற்றுநோய் பதினாறு வயதுப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தப் பணம் அவனுக்கு நன்றாகவே தெரிகிறது.

ஆய்வுகள் கூறும் உண்மை

இம்முறையால் உண்மையிலேயே பயன் உண்டா என்னும் ஐயம் எழுவது இயல்பு. இதனைப் பல நாட்டு அறிஞர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நியூசிலாந்து நாட்டில் புகைப்பதை விட விரும்பிய 1,705 பேரைக் கொண்டு நடத்திய சோதனை 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு ஊக்கமூட்டும் குறுஞ்செய்திகள் ஒழுங்காக அனுப்பப்பட்டன. ஆறு வாரங்களுக்குப் பின், அப்பிரிவில் நூற்றுக்கு 28 பேரும், மற்றப் பிரிவில் 13 பேரும் புகைப்பதை விட்டிருந்ததாகத் தெரிவித்தார்கள். பிரிட்டனில் 5,800 பேரிடம் நடத்தப்பட்டு 2011ஆம் ஆண்டில் வெளியான சோதனை இன்னும் கடுமையானது. வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் உடற்சோதனையாலும் உண்மை உறுதி செய்யப்பட்டது. ஆறு மாதத்திற்குப் பின், குறுஞ்செய்தித் துணை பெற்றோரில் நூற்றுக்கு 10.7 பேரும், பெறாதோரில் 4.9 பேரும் புகைப்பதை விட்டிருந்தார்கள்.

இவ்விரண்டு சோதனைகளும் பெரும்பாலும் பெரியவர்களைப் பற்றியவை. பதின்ம வயதினரைப் பற்றிய முக்கியமான சோதனை 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியாயிற்று. மின்சிகரெட்டுப் பழக்கம் உடைய, பதின்மூன்று முதல் பதினேழு வயதுக்குட்பட்ட 1,503 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஏழு மாதத்திற்குப் பின், குறுஞ்செய்தித் துணை பெற்றோரில் நூற்றுக்கு 37.8 பேர் அப்பழக்கத்தை விட்டிருந்ததாகக் கூறினார்கள். பெறாதோரில் 28 பேர் அவ்வாறு கூறினார்கள்.

இக்கணக்கை நாம் நிதானமாக நோக்க வேண்டும். துணை பெற்றவர்களிலும் பெரும்பாலோர் வெற்றி பெறவில்லை. ஆகவே, கைப்பேசி ஒரு மந்திரக்கோல் அன்று. ஆயினும், நூறு பிள்ளைகளில் கூடுதலாகப் பத்துப் பிள்ளைகள் மீண்டார்கள் என்றால், அப்பத்துப் பேரின் தாய் தந்தையருக்கு அது சிறிய தொகை ஆகுமா?

கருவியின் மறுபக்கம்

கத்தி மரத்தைச் சீவவும் உதவும்; கையை அறுக்கவும் செய்யும். கைப்பேசியும் இருபுறம் கூரான கத்தியே.

கடைக்காரர் சிகரெட்டு விற்க மறுத்தால், கூலி பெற்றுக்கொண்டு வாங்கித் தரும் பெரியவர்களைக் கொரிய இளைஞர் சிலர் சமூக ஊடகத்தின் வழியே தேடிக்கொள்கின்றனர். அவ்வாறு வாங்கித் தருவது சட்டப்படி குற்றம். அதிகாரிகள் வலை விரித்துப் பிடித்தும் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டில் தீயில்லாமல் சூடாக்கிப் புகைக்கும் புகையிலைக் கருவிகள் கொரியச் சந்தைக்கு வந்தன. கையடக்கமான, இனிய மணமூட்டிய மின்சிகரெட்டுகளும் பெருகின. இவற்றில் நாற்றம் குறைவு. பையில் ஒளிப்பதும் எளிது. புகை வாடையைக் கொண்டே பிள்ளையைக் கண்டுபிடித்த பெற்றோர் இப்பொழுது ஏமாந்து போகின்றனர். 2019ஆம் ஆண்டு அக்டோபரில், திரவ மின்சிகரெட்டின் பயன்பாட்டை நிறுத்துமாறு கொரிய அரசாங்கமே பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது.

தீமை வரும் வழியிலேயே நன்மையையும் அனுப்ப வேண்டும் என்பதை உணர்ந்து, 2020ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு 'நோதாம்' என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. கொரிய மொழியில் புகையிலைக்குத் 'தாம்பே' என்று பெயர். அதன் முதல் அசையோடு 'வேண்டாம்' என்னும் கருத்துடைய ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து இளைஞர் பேச்சுப் பாணியில் அமைத்த சொல் இது. "புகைத்தால் சாவாய்" என்று அச்சுறுத்துவதற்கு மாறாக, "நான் புகைப்பதில்லை" என்று இளைஞரே பெருமையுடன் கூறுவதாக அவ்விளம்பரங்கள் அமைந்தன. இளைஞர் கைப்பேசியில் காணும் காணொளிகளின் இடையே அவை தோன்றின.

கருவியால் ஆகாதது

எவ்வளவு நல்ல கருவியாயினும், அதனைத் திறக்கும் மனம் வேண்டும். முதல் வாரத்தில் ஆர்வத்தோடு திறக்கப்படும் செயலி, மூன்றாம் வாரத்தில் மறக்கப்படுவது உண்டு. அவ்வேளையில் மனிதத் துணையே கை கொடுக்கிறது. 2005ஆம் ஆண்டு முதல் கொரியாவெங்கும் அரசாங்கச் சுகாதார நிலையங்களில் புகைநிறுத்த ஆலோசனைப் பிரிவுகள் இலவசமாக இயங்கி வருகின்றன. 2015ஆம் ஆண்டு முதல் வட்டார உதவி மையங்களும் அமைக்கப்பட்டு, பள்ளியை விட்டு விலகிய இளைஞர்களைத் தேடிச் சென்று உதவுகின்றன.

மற்றொன்று: விட்டவன் மீண்டும் ஒரு நாள் தவறிவிடுவது இயல்பு. பெரும்பாலோர் ஒரே முயற்சியில் வெற்றி பெறுவதில்லை. நல்ல ஆலோசகர் அவனைப் பழிப்பதில்லை. "இம்முறை எத்தனை நாள் தாங்கினாய்? எந்த இடத்தில் தவறியது?" என்று கேட்டு, அடுத்த முயற்சிக்கு வழி காட்டுவார். வினா கேட்கும் முறையிலேயே வேறுபாடு உள்ளது. அதட்டல் பிள்ளையை மீண்டும் மறைவுக்குள் தள்ளும். பரிவான வினா அவனை வெளிச்சத்திற்குக் கொண்டுவரும்.

நாம் அறிய வேண்டியது

நம் மலேசிய நாட்டிலும், 2024ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நடப்புக்கு வந்த புதிய சட்டம், பதினெட்டு வயதுக்குக் குறைந்தோருக்குச் சிகரெட்டும் மின்சிகரெட்டும் விற்பதைத் தடை செய்கிறது. புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவுகள் நம் அரசாங்கச் சுகாதார நிலையங்களிலும் உண்டு. சட்டமும் சேவையும் இருக்கின்றன. அவற்றோடு வீட்டில் உள்ள நாமும் சேர வேண்டும்.

தோட்டப்புறத்துத் தந்தைமார்கள் சிலர், மகன் புகைப்பது தெரிந்தவுடன் அடித்துவிட்டு, அதே கையால் தாமும் ஒன்றைப் பற்றவைக்கின்றனர். பிள்ளை கற்றுக்கொள்வது அடியையா, பற்றவைத்ததையா? இருவரும் சேர்ந்தே ஒரு நாளைக் குறித்து விடுவது அதனினும் சிறந்த வழி. சிகரெட்டு வாங்க மகனைக் கடைக்கு அனுப்புவதையும் இன்றே நிறுத்த வேண்டும். பிள்ளையின் பையில் சிறு மின்கருவியோ, சட்டையில் பழ மணமோ கண்டால், முதலில் அமைதியாகக் கேளுங்கள். அவன் உண்மையைச் சொன்னால், அந்தத் துணிவைப் பாராட்டுங்கள். அவன் கையில் உள்ள கைப்பேசியை உடனே பறித்துவிடாமல், அதன் வழியாகவே உதவி தேட அவனுக்குத் துணை நில்லுங்கள். சுகாதார நிலையத்திற்கும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கொரிய நாட்டு அனுபவம் நமக்கு உணர்த்தும் பாடம் எளியது. புகைக்கு அடிமையான பிள்ளை பெரும்பாலும் விடவே விரும்புகிறான், கேட்க அஞ்சுகிறான். அந்த அச்சத்தைக் கைப்பேசி ஓரளவு போக்குகிறது. மீதியைப் போக்க வல்லது பெற்றோரின் இன்சொல்லே. இளங்கன்றாக இருக்கும்போதே பட்டையில் ஏற்பட்ட காயத்தைக் கவனித்தால், மரம் நெடுங்காலம் பால் தரும். நம் பிள்ளைகளும் அவ்வாறே நலமுற்று வாழ, இன்றே அவர்களோடு பேசத் தொடங்குவோமாக!